பானையில் கலந்த மருந்து

மருமகள் பயறில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும், செத்துப்போன அய்யாமீது எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அம்மாவும் தட்டைப்பயறை இப்படித்தான் எண்ணெய் பூசி, நொச்சி இலையோடு பானையில் வைப்பாள். வண்டு அண்டாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்தியது அய்யாவுக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த அறுப்புக்கு டவுனிலிருந்து பூச்சிமருந்துப் பொடி வாங்கிவந்து தானே கலந்தார்.

“திங்கிற பண்டத்துல விஷத்தப் போடுறீகளே,” என்றாள் அம்மா.

“கழுவுனா போயிரும். ஒனக்கு என்ன தெரியும்?” என்றார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. வீட்டில் மிஞ்சியது அந்தப் பயறு மட்டும்தான். அம்மா அதைக் கழுவி, முதலில் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை எல்லாம் விறைத்துக் கிடந்தன. பானை பானையாகப் பயறைக் குழிவெட்டிப் புதைத்தாள்.

அய்யா அவளை முற்றத்தில் வைத்து அடித்தார். நாங்கள் பனங்கிழங்கு அவித்துத் தின்று பிழைத்தோம்.

“ஒரு வருசத்துப் பயற மண்ணுல போட்டவ இவ,” என்று சாகும்வரை ஊரெல்லாம் சொன்னார். கோழிகள் செத்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.