புகைக்குழாயில் ஒரு தாலாட்டு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அவள் பட்டாசுதான். வாயைத் திறந்தால் சரம் முடியும்வரை ஓயாது. அப்பேர்ப்பட்டவளைக் கல்யாணம் கட்டி, பாஷை தெரியாத நாட்டில் ஓர் அடுக்குமாடியின் உச்சி மாடியில் கொண்டுபோய் வைத்தார் கணவர். அவர் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். விடிவதற்குள் கிளம்பினால் சாயங்காலம் அலுத்துச் சலித்து வருவார். பேச ஆளில்லாமல் பட்டாசு நமத்துப்போனாள்.

பிறகு அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பல்செட் செய்யும் பட்டறையில் காலை நேரத்து வேலை. அச்சிலிருந்து எடுத்த பற்களைச் சுழலும் தூரிகையில் வைத்துப் பளபளப்பாக்க வேண்டும். எங்கே திரும்பினாலும் பல்வரிசை. பேசத்தான் ஒரு வாய் இல்லை.

வலைப்பூ யோசனையைக் கொடுத்தவள் நாத்தனார். ஊரிலிருந்து தினமும் போனில் பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

"அண்ணி, என்கிட்ட கொட்டறதையெல்லாம் எழுதிப் போடுங்க. ஆனா எல்லாரும் போடற மாதிரி பூங்கா, பாலம்னு போட்டு அறுக்காதீங்க. மாசத்துக்கு ஒரு தலைப்பு வச்சுக்குங்க. ஒரு மாசம் பூரா படிக்கட்டு. அடுத்த மாசம் பூரா குப்பைத்தொட்டி."

"குப்பைத்தொட்டியப் பத்தி யாருடி படிப்பா?"

"நீங்க எழுதினா படிப்பாங்க."

படிக்கத்தான் செய்தார்கள். எந்தத் தொட்டியில் எதைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார் என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டு, வேறு வேறு நாடுகளில் குடியிருக்கும் பெண்கள் தங்கள் தெருத் தொட்டிகளின் கதையை அளந்தார்கள். அதற்கடுத்து ஜன்னல்கள். பேருந்து இருக்கைகள். அதன்பின் ஒலிகள் என்று ஒரு மாதம் வந்தது. மின்தூக்கி கதவு மூடும்போது விடும் பெருமூச்சு, நிலவறையில் சலவை இயந்திரம் குதிக்கும் சத்தம், பட்டறையில் தூரிகை பல்லில் படும்போது எழும் கிறீச்சொலி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்து, கூடவே நாலு வரி எழுதிப் போட்டாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து, கைப்பேசியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். 'மத்தியானம், ஆளில்லாத சமையலறை' என்பது அன்றைய தலைப்பு. குழாய் சொட்டும், குளிர்பெட்டி முனகும், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்தாள். எடுத்ததைப் போட்டுக் கேட்கக்கூட இல்லை. அப்படியே ஏற்றிவிட்டாள்.

சாயங்காலமே நாத்தனாரின் போன் வந்தது.

"அண்ணி, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?"

"இங்க யாருடி வரப்போறா?"

"அப்போ பின்னாடி யாரு தாலாட்டு பாடறது?"

"உனக்குக் காது கோளாறு."

"ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. வார்த்தை தெளிவா இல்ல. ஆனா தமிழ்தான். 'கண்ணே'ன்னு ஒரு இடத்துல நல்லாவே தெரியுது."

பட்டாசு காதில் மாட்டிக் கேட்டாள். முதலில் குளிர்பெட்டி. பிறகு சொட்டு. அந்தச் சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல். தூங்கிவிட்ட பிள்ளையின் முதுகில் கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருக்குமே, அப்படி ஒரு நிதானம். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கணவர் வந்ததும் அவர் காதில் மாட்டிவிட்டாள்.

கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீயே முணுமுணுத்திருப்பே."

"எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்னு உங்களுக்குத் தெரியாதாங்க? நான் பாடி எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கேட்டதில்லை.

மறுநாளும் பதிந்தாள். அதற்கு மறுநாளும். சமையலறையில் அவள் நின்றுகொண்டு கேட்டால் ஒன்றும் இல்லை. கைப்பேசியைத் தனியே விட்டுவிட்டு வந்தால் பாட்டு இருந்தது. வலைப்பூவில் கருத்துகள் குவிந்தன. வீட்டை மாற்றுங்கள் என்றார்கள் சிலர், விளக்கேற்றி வையுங்கள் என்றார்கள் சிலர். பட்டறையில் மேஜைமேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பல்செட்டுகளைப் பார்க்கையில், எல்லாம் ஒன்றாகத் திறந்து அதே பாட்டை எடுத்துவிடுமோ என்று அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. "என்னடி, பட்டாசு வெடிக்கவே காணோம்?" என்று கணவர் சீண்டிப் பார்த்தார். 

அடுப்புக்கு மேலே, சுவரில், சல்லடைபோல் துளையிட்ட தகடு ஒன்று இருந்தது. அதன் பின்னால் எல்லா மாடிச் சமையலறைகளுக்கும் பொதுவான புகைக்குழாய். பாட்டு வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று ஒரு மத்தியானம் அவளுக்குத் தோன்றியது. முக்காலியைப் போட்டு ஏறி, தகட்டில் காதை வைத்தாள். காற்று ஊதிக்கொண்டிருந்தது. பழைய எண்ணெய் வாடை. அவள் வாயைத் தகட்டருகே கொண்டுபோய், தன் குரலே தனக்குப் பிடிபடாத அளவு மெல்ல, "யாருங்க அங்க?" என்று கேட்டாள்.

ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றதுபோல் இருந்தது.

"அக்கா," என்றது குழாய்.

பட்டாசு முக்காலியிலிருந்து விழாமல் இருந்ததே பெரிது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, போயிடாதீங்க. கீழ் வீட்டுல இருக்கேன்."

பேய் தன் வீடு எதுவென்று சொல்லாது என்று அவளுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். கீழ் வீட்டில் கணவன் மனைவி இருவரும் அலுவலகம் போகிறவர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏஜென்ட் மூலம் இவளை வரவழைத்திருக்கிறார்கள். வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகிறார்கள். போன் கிடையாது.

"ஒருநாளாவது கத்தி யாரையாவது கூப்பிடக் கூடாதாம்மா?"

"சத்தம் வந்தா ராத்திரி சோறு கிடையாதுக்கா. நீங்களா மெல்லக் கேட்டீங்க. அதான் தைரியம் வந்துச்சு."

மின்தூக்கியில் எத்தனையோ தடவை அந்தத் தம்பதியைப் பார்த்திருக்கிறாள் பட்டாசு. குழந்தை வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறாள். நல்ல மனிதர்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தபோதுதான் பாட்டைக் கேட்டதைவிட அதிகமாக அவளுக்கு உடம்பு கூசியது.

கணவர் வந்ததும் சொன்னாள். அவர் சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார்.

"நம்ம விசா புதுப்பிக்கிற நேரம் இது. போலீஸ், கேஸுன்னு போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? நமக்கெதுக்கு வம்பு?"

"யோசிச்சேங்க. அந்தப் பொண்ணு 'போயிடாதீங்க'ன்னு சொன்னா. அது உங்க காதுல விழுந்திருந்தா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க."

அவர் எழுந்து கையைக் கழுவினார். கழுவிய கையைத் துடைக்காமல் முக்காலிமேல் ஏறி, தகட்டருகே முகத்தை வைத்து, "ஏம்மா, இருக்கியா?" என்றார். பதில் இல்லை. கீழே வீட்டுக்காரர்கள் வந்துவிட்ட நேரம். தட்டுகளின் ஓசையும் குழந்தையின் சிணுங்கலும் மட்டும் மேலே வந்தன. அவர் இறங்கி வந்து, "நாளைக்கு லீவு போடறேன்," என்றார்.

மறுநாள் இருவருமாகக் காவல் நிலையம் போனார்கள். பட்டாசுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச உள்ளூர் பாஷை பதற்றத்தில் பறந்துபோயிற்று. கணவர் எடுத்துச் சொன்னார். வந்த பெண் அதிகாரி முதலில் நம்பவில்லை. சமையலறைக்கு வந்து, முக்காலியில் ஏறி, குழாய் பேசுவதைத் தன் காதால் கேட்ட பிறகுதான் முகம் மாறினாள்.

கதவைத் திறக்க ஆள் வந்தது. உள்ளே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் அந்தப் பெண். பட்டாசு எதிர்பார்த்ததைவிடச் சின்னவள். எதிர்பார்த்ததைவிட ரொம்பவும் மெலிந்தவள். குழந்தையை அதிகாரி வாங்கிக்கொண்டதும் அந்தத் தோளை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

காவல் நிலையத்தில் மொழிபெயர்க்க ஆள் வரும்வரை இருவரையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பட்டாசு அவள் கையை விடவில்லை. ஏதாவது நல்லதாகப் பேச வேண்டுமே என்று, "உன் பாட்டுதான் உன்னக் காப்பாத்துச்சு. எவ்வளவு அழகாப் பாடறே!" என்றாள்.

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். "நானா? நான் பாட மாட்டேனேக்கா. சத்தமே போடக் கூடாதுன்னு சொன்னேனே."

"மத்தியானத்துல. தாலாட்டு."

"அது நீங்க பாடறதுதானே?" என்றாள் அவள். "மேலேருந்து வரும். நீங்க போன்ல பேசறதும் கேக்கும், அந்தப் பாட்டும் கேக்கும். அதக் கேட்டுத்தான் பாப்பாவே தூங்கும். நானும் கூடவே கண்ணசருவேன். உங்களுக்கும் கைக்குழந்தை இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பட்டாசுக்குக் குழந்தை இல்லை. அவள் வீட்டுக்கு மேலே வீடு இல்லை. தண்ணீர்த் தொட்டியும் பூட்டிய மொட்டை மாடியும்தான்.  அதற்குமேல் அதைப் பற்றிப் பேச இருவருக்குமே துணிவு வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் வந்து பெயரைக் கேட்டார்.

வழக்கு நடந்தது. கீழ் வீட்டுக்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. குழந்தையை அதன் சித்தி வந்து அழைத்துப்போனாள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பினாள். விமான நிலையத்தில் பட்டாசு வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். கணவர் பயந்ததுபோல் விசாவுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

கட்டடத்தைப் பராமரிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பட்டாசும் கணவரும் மொட்டை மாடிக்கும் போய்ப் பார்த்தார்கள். குழாயின் வாய்க்குத் துருப்பிடித்த தொப்பி மாட்டியிருந்தது. பறவை எச்சம், தொட்டி, காற்று. பராமரிக்கிறவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைப் பூட்டினார். பழைய பதிவுகளில் பாட்டு அப்படியே இருக்கிறது. புதிதாக எடுத்தவற்றில் இல்லை. நாத்தனார் அழிக்கச் சொன்னாள். பட்டாசு அழிக்கவில்லை; திரும்பப் போட்டுக் கேட்கவும் இல்லை.

"அடுத்த மாசத் தலைப்பு என்ன அண்ணி?"

"நாற்காலிங்க. அதுங்க வாயத் திறக்காது."

கீழ் வீடு பல மாதம் காலியாகக் கிடந்தது. பிறகு ஒரு குடும்பம் சாமான்களுடன் வந்து இறங்கியது. பட்டாசு வேலையிலிருந்து வந்த சூட்டோடு, உடைகூட மாற்றாமல், கீழே போய் மணியை அழுத்தினாள். திறந்த பெண்ணிடம், தெரிந்த பாஷையைக் கூட்டிச் சேர்த்து, மேல் வீடு என்று அறிமுகம் செய்துகொண்டாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கணவனைக் கூப்பிட்டாள். மாமனார் வந்தார், சின்னப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் பட்டாசு. "வேற யாரும் இல்லையே?" சமையலறைக் கதவு தெரியும்படி கழுத்தை நீட்டிக்கொண்டு, அவர்கள் சிரிப்பு குழப்பமாக மாறியதையும் பொருட்படுத்தாமல், அவள் வாசலிலேயே நின்றாள்.