கோவளத்தில் தட்டிப் பார்த்த கோப்பை

விருத்தாசலத்துக்காரர்களை வெளியூர் டீக்கடையில் கண்டுபிடிப்பது சுலபம். பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தால், குடித்து முடித்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். பிறகு விரலால் ஒரு சுண்டு. என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிழைப்பே. எங்கள் ஊர்ப் பீங்கான் சூளையிலிருந்து இறங்கும் சாமானை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பிரிப்பார். நல்லதென்றால் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் 'டொக்' என்று சத்தம் செத்துவிடும். அவர் கையைத் தாண்டி ஒரு கீறல் வெளியே போகாது என்று முதலாளியே சொல்வார்.

போன வருடம் மகன் எங்களுக்குக் கோவளத்தில் மூன்று நாளைக்கு ரூம் போட்டுக் கொடுத்தான். பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது. போய் இறங்கியதும் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஈரக் காத்துல ஒரு சாமான் காயாது."

"நாம இங்க சாமான் செய்யவா வந்தோம்? செத்த நேரம் சும்மா ஒக்காருங்க" என்றேன். ஏற்கெனவே அவர் மேல் எனக்குக் கடுப்பு. ஒரு வருடமாக மனுஷன் வீட்டில் வாயே திறப்பதில்லை. கேட்டதற்குப் பதில் வராது. என்ன கோபமோ என்று நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன்.

மறுநாள் ஆளே மாறிவிட்டார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். பலகை மேல் ஏறி நின்று அலையில் சறுக்க வந்தவர்கள் தொப்பென்று விழும்போதெல்லாம் கைதட்டிச் சிரித்தார். சொல்லிக் கொடுப்பவர்களிடம் போய் அந்தப் பலகை எதில் செய்தது, எவ்வளவு எடை என்று கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் வஞ்சிரம் வறுவல், அப்புறம் நல்ல தூக்கம். புது மாப்பிள்ளை போல இருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் பேசுகிறாரே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை கடலைப் பார்த்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்தார், சுண்டினார். டொக். எதிரே இருந்த எனக்கே கேட்டது.

"நல்ல சாமான்" என்று கீழே வைத்தார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். எடுத்து நானும் சுண்டினேன். டொக்தான். "கீறல் விட்டிருக்குதுங்க" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"அலை சத்தத்துல கேக்கல" என்றார். அந்த நேரத்தில் அலை அப்படியொன்றும் பெரிதாக இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். ஒரு வருடமாக வராத பதிலெல்லாம் ஏன் வரவில்லை என்று அப்போது புரிந்தது. அத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததை நினைத்து வெட்கப்பட்டேன்.

பக்கத்தில் நகர்ந்து காதருகே கத்தினேன். "எத்தினி நாளா இப்டி?"

"போன பொங்கலுக்கு முன்னாடி இருந்தே. கண்ணால பாத்தே குத்துமதிப்பா பிரிச்சி ஓட்டிட்டிருக்கேன். சொன்னா வேற ஆள வச்சிடுவாங்க." தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போலாமா?" என்றார். "இங்க அலை சத்தத்துக்கு எல்லாரும் கத்தித்தான் பேசுறாங்க. எனக்கு எல்லாமே கேக்குது."

இருந்தோம். ஒரு வருடப் பேச்சையும் அந்த இரண்டு நாளில் கத்தித் தீர்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அவரே முதலாளியிடம் சொல்லிவிட்டார். இப்போது அவர் சூளையில் சாமான் அடுக்குகிறார்; அவர் இடத்துக்கு முதலாளி என்னை எடுத்துக்கொண்டார், தட்டிப் பார்ப்பது நான். காது மிஷினும் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சில சாயங்காலம் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "கோவளத்துல பேசுன மாதிரி பேசு" என்பார். நானும் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரி சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பாள். நான் நிறுத்துவதில்லை.