லெம்பி சொல்லாமல் விட்டது

வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஓடும் தோர்னியோ ஆற்றின் இரு கரையிலும் லெம்பியைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்வார்கள். குடித்துவிட்டுப் படகோட்டித் தன் புருஷனைச் சாகடித்தவனை, கூட்டத்தின் நடுவே கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னித்தவள் என்று. அண்ணனும் தம்பியும் வைக்கோல் வயலுக்காக முறைத்துக்கொண்டால், "லெம்பியப் பாத்துக் கத்துக்கோங்கடா" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். நல்ல கதைதான். உண்மையாகவும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

லெம்பி ஆறு பார்த்த வீட்டுக்காரி. மாடுகளைத் தானே கறப்பாள், பலகைத் தரையை மணல் போட்டு வெள்ளை வெளேரென்று தேய்ப்பாள். வானொலிப் பெட்டியும் சன்னல் திரையும் பாவம் என்று விசுவாசிகள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. மற்றவர்கள் ஒதுக்கினார்கள் என்றால் லெம்பி அவற்றின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டாள். அப்படி ஒரு கறார். அவள் புருஷன் ஃபாபியான் ஒன்றும் உத்தமன் இல்லை, முன்கோபி, வாயைத் திறந்தால் குத்தல். ஆனாலும் அவனென்றால் அவளுக்கு உயிர்.

ஓர் இலையுதிர்கால மாலையில் அக்கரையிலிருந்து வந்த படகு கவிழ்ந்தது. படகோட்டி நெஸ்தோரி நீந்திக் கரையேறினான், ஃபாபியான் ஏறவில்லை. நெஸ்தோரியின் வாயில் சாராய நாற்றம் அடித்ததை எல்லாரும் முகர்ந்தார்கள்.

அந்தப் பக்கத்து விசுவாசிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பாவம் நெஞ்சைக் குத்தினால் பாதிரியாரைத் தேடி ஓடுவதில்லை. யாரை நோகடித்தானோ அவரிடமே போய் மன்னிப்புக் கேட்பான், அவர் இல்லையென்றால் எந்தச் சகோதரனிடமும் சகோதரியிடமும் கேட்பான். கேட்கப்பட்டவர் அவன் கழுத்தில் கைபோட்டு, "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது, இதை விசுவாசி" என்று காதில் சொல்ல வேண்டும். கேட்டவனுக்குச் சொல்ல மாட்டேன் என்று யாரும் மறுக்கக் கூடாது. கேட்காதவனுக்கு யாரும் சொல்லவும் முடியாது.

மறு குளிர்காலம் லெம்பியின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தபோது நெஸ்தோரி வந்தான். கதவை ஒட்டி நின்றான், தொப்பி கையில். பிரசங்கி இசாக் பேசி முடித்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள், கைதட்டலும் தேம்பலுமாக வீடே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் நெஸ்தோரி அவளிடம் வந்து தலையைக் குனிந்தான்.

"லெம்பி, நான் கேக்குறேன். சொல்லுவியா?"

எல்லாரும் பார்த்தார்கள். லெம்பி அவன் கழுத்தில் கைபோட்டாள், அவன் காதோரம் வாயைக் கொண்டுபோனாள். உதடுகள் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

நெஸ்தோரியின் முதுகு விறைத்ததை அவள் கை உணர்ந்தது. அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனான். சனங்கள் கண்ணீரோடு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், இசாக் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மனதில் இல்லாததை வாயால் சொன்னால் அது பொய், பொய் பாவம், அதனால்தான் சொல்லவில்லை என்று லெம்பி தன்னைத் தேற்றிக்கொண்டாள். கையைப் போட்டாளே, அது மட்டும் என்ன சத்தியமா? அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நெஸ்தோரி வாயைத் திறப்பான், தன் குட்டு உடைந்துவிடும் என்று சில வாரம் பயந்தாள். அவன் திறக்கவில்லை. குடியை விட்டான். படகோட்டும்போது சத்தமாகச் சங்கீதம் பாடினான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் சொன்னதை நம்பி இவன் பாடுகிறான் என்று கரையில் நின்று பல்லைக் கடிப்பாள். இதற்கிடையே அவள் பெயர் பரவியது. தூரத்து ஊர்களில்கூட அவளை முன்மாதிரியாக வைத்துப் பிரசங்கம் செய்தார்கள். முதலில் கூசியது, பிறகு பழகியது, கடைசியில் பிடித்துப்போனது. யாராவது சொல்ல மறந்துவிட்டால் முகம் வாடும் அளவுக்குப் பிடித்துப்போனது.

பிறகு ஒரு வருடம், ஆறு உறையத் தொடங்கிய நாட்களில், நெஸ்தோரி நடந்து கடக்கப் பார்த்தான். மெல்லிய பனிக்கட்டி உடைந்து அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது இசாக், "நம்ம சகோதரி வாயால மன்னிப்பு வாங்கிக்கிட்டுப் போன மனுஷன்" என்றார். லெம்பி காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நெஸ்தோரியின் அக்கா எவெலீனா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எவெலீனா எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அது தொடங்கியது. பகல் சாப்பாடு முடிவதற்குள் இருட்டிவிடுகிற மாதம். தொழுவத்திலிருந்து பாலோடு வந்த லெம்பி, தேய்த்து வைத்த தரையில் ஈரக் காலடிகளைக் கண்டாள். கதவருகே தொடங்கி, இரண்டடி உள்ளே வந்து நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

துடைத்தாள். மறுநாளும் இருந்தன. துணி போட்டுத் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து ஊறியது. முகர்ந்து பார்த்தாள், ஆற்று நீர். கூட்டத்துக்கு வந்த பெண்கள் கேலி செய்தார்கள்.

"என்ன லெம்பி, இந்தக் குளிர்லயும் உன் கூரை ஒழுகுதா?"

"ஒழுகலக்கா, பால் சிந்திருச்சு."

"பாலு இவ்வளவு கருப்பாவா இருக்கும்?"

சிரித்துவிட்டுப் போனார்கள். லெம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவனே தெரிந்தான். அடுப்பு வெளிச்சம் எட்டாத இடத்தில், கதவை ஒட்டி. தொப்பி இல்லை. மேலங்கி நனைந்து தொங்கியது. முகம் அவள் பக்கம் சற்றே குனிந்திருந்தது, வலது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகித் தூக்கியபடி இருந்தது. நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தொழுவத்தில் மாடுகள் கத்தாமல் கல்லாக நின்றன.

எதற்கு வந்திருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அன்று கொடுக்காததைக் கேட்க வந்திருக்கிறான். மன்னிப்பில்லாமல் போனவனுக்குக் கல்லறையில் எப்படித் தூக்கம் வரும்? அவனை நரகத்தில் தள்ளியது தன் நாக்குதான். எப்படியாவது அவனை விடுவித்தாக வேண்டும்.

"நெஸ்தோரி," என்றாள். "இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது. விசுவாசி."

அவன் அசையவில்லை. சத்தமாகச் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள், மண்டியிட்டுச் சொன்னாள். தூக்கிய கை அப்படியே இருந்தது. மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். ஒவ்வொரு நாளும் கதவிலிருந்து ஓரடி கூடுதலாக உள்ளே நின்றான்.

இசாக் அந்தப் பக்கம் வந்தபோது சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"செத்தவங்களுக்கு அந்த வார்த்தையச் சொன்னா போய்ச் சேருமாங்க?"

"சேராதும்மா. அது உசிரோட இருக்கறவங்களுக்கு. செத்தவங்க கர்த்தரோட கையில. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நெஸ்தோரிய நெனச்சுக் கவலப்படுறியா? நீதான் அன்னிக்கே சொல்லிட்டியே. அவ்வளவு பேர் பாத்தோமே."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் என்ன மிஞ்சும்? ஆறு பார்த்த வீடும் மாடுகளும் மிஞ்சும், லெம்பி மிஞ்ச மாட்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டியை நறுக்கி அவர் காப்பியில் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி அவள் வீட்டில்தான் கூட்டம். மதியமே இருட்டு. இசாக் மேசைக்குப் பின்னால் நின்று, செயல்களால் யாரும் நீதிமானாக முடியாது, விசுவாசத்தாலே மட்டும்தான் என்று வழக்கம்போலத் தொடங்கினார். "இதோ இருக்கா நம்ம லெம்பி" என்று கையைக் காட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் நெஸ்தோரி நின்றான். கதவருகே இல்லை, அறையின் நடுவில். இசாக்கின் காலடியில் ஈரம் பரவியது, அவர் குளிரில் காலை மாற்றி வைத்துக்கொண்டாரே தவிரக் குனிந்து பார்க்கவில்லை. நெஸ்தோரி அவள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

லெம்பி எழுந்தாள். தன் வீட்டில், தன் கூட்டத்தில், பேசிக்கொண்டிருந்த பிரசங்கியின் முன்னால் நடந்து வெளியே போனாள். சால்வையை எடுக்கவும் தோன்றவில்லை.

எவெலீனாவின் குடிசை அக்கரையில். ஆறு கெட்டியாக உறைந்திருந்தது. பாதி தூரம் போனபோது தன் காலடிச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. பின்னால் இல்லை, முன்னால். பனியில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைந்தன. அவற்றின் மேலேயே மிதித்து நடந்தாள், வேறு வழி தெரியவில்லை.

எவெலீனா கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"அடடே, ஊரே கும்புடுற புண்ணியவதி. வழி தவறிட்டியா?"

"எவெலீனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கூட்டத்துல நான் உன் தம்பிக்கு..."

"சொல்லல. தெரியும்." எவெலீனா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். "கதவச் சாத்து, குளிர் வருது."

லெம்பிக்குக் கதவைச் சாத்தக் கை வரவில்லை. "அவன் சொன்னானா?"

"அன்னிக்கே வந்து சொன்னான். 'லெம்பி வாயத்தான் அசைச்சா, வார்த்தை வரல'ன்னான். நான் கத்தினேன், போய் ஊருக்கெல்லாம் சொல்லுவேன்னு குதிச்சேன். வேணாம்னுட்டான். 'அது அவ வீட்டுச் சொத்தாக்கா, அவ பூட்டி வெக்கறதுக்கு? குடுக்கறவர் குடுத்துட்டாரு. நான் நம்பிட்டேன்'னான். நம்பிட்டுத்தான் போய்ச் சேர்ந்தான். கடைசி வரைக்கும் நிம்மதியாத் தூங்கினான், அந்தக் கழுதை."

"அப்ப ஏன் தினமும் என் வீட்டுக்கு வரான்? நான் எத்தன தடவ சொல்லிட்டேன், போக மாட்டேங்கறான். கைய நீட்டிக்கிட்டு நிக்கறான்."

எவெலீனா முதன்முறையாகத் திரும்பினாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

"கைய எப்படி வெச்சிருக்கான்?"

லெம்பி தன் வலது கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிக் காட்டினாள். தூக்கியபோதுதான் அவளுக்கே புரிந்தது. மன்னிப்புக் கேட்டுக் கழுத்தைக் கொடுப்பவன் கையைத் தூக்க மாட்டான். கழுத்தில் போடுகிறவன்தான் தூக்குவான்.

அவன் வாங்க வரவில்லை. இத்தனை நாளும் கொடுக்க நின்றிருக்கிறான், அவள் கேட்காததால் நின்றுகொண்டே இருந்திருக்கிறான். மன்னிப்பு தேவைப்படுகிறவள் தான் என்று ஒருமுறைகூட, ஒரு மூச்சு நேரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வெட்கம் அவள் தலையை அழுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எவெலீனா," என்றாள். "நான் கேக்குறேன். சொல்லுவியா?"

எவெலீனா மறுபடி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள், இரண்டு கையாலும் காப்பிச் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல எனக்கு இன்னும் கொதிக்குது, லெம்பி. பொய் சொல்ல மாட்டேன். உன்னத் தொட மாட்டேன், என்னால ஆகாது. ஆனா கேட்டுட்ட. வார்த்தை என்னோடது இல்ல, அதனால சொல்றேன்." தொண்டையைச் செருமினாள். சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக, கோபம் குறையாத குரலில் சொன்னாள். "இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது. விசுவாசி."

லெம்பியின் கழுத்தில் ஒரு கை விழுந்தது. கனமான கை, நனைந்த சட்டைக் கை. அதிலிருந்து வழிந்த நீர் அவள் முதுகில் இறங்கியது, அது சில்லென்று இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பினாள்.

எவெலீனா காப்பியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். லெம்பியின் ஈரத் தோளைப் பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு மேசையில் இரண்டு கோப்பைகளை வைத்தாள். சற்று யோசித்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள்.