நட்டஈடு என்று சொல்லிச் சொல்லி

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் பேச அனுமதி கிடையாது. சாட்சி தமிழில் "நான்" என்றால் நானும் சிங்களத்தில் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவள் இப்படிச் சொல்கிறாள்" என்று தள்ளி நின்று பேச முடியாது. கண்டியில் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அடுத்தவர் கதையை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காததுபோல சோற்றுக்கு உலை வைக்கிறவர்களுக்கு, தாதிமாருக்கும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுகிறவர்களுக்கும், நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கீழே வரும் வழக்குகளில் பெண்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தெல்தோட்டைக்காரி கேட்டது

செல்வமலர் தெல்தோட்டைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். நாற்பது வயதுக்குக் கிட்ட. மலையில் தனியாக நின்ற நேரத்தில் அவளைப் பலாத்காரம் செய்தவன், தினமும் அவளுடைய கொழுந்தை நிறுத்து எழுதிய ஆள். வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. கடைசியில் அவனுக்குச் சிறை, இவளுக்கு நட்டஈடு என்று தீர்ப்பு.

தீர்ப்பை நான் தமிழில் சொல்லி முடித்ததும், "வெளங்கிச்சா?" என்று நீதிபதி கேட்கச் சொன்னார். சிறை அவளுக்கு விளங்கியது. மற்றது விளங்கவில்லை. சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் என்னிடம் ஒன்று கேட்டாள். அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"நட்டம்னா யாவாரத்துலதானேங்க வரும்? நான் எதையும் விக்கலையே."

வராந்தாவில் பேசியது

திகனப் பக்கத்து பரீனாவுக்கு இருபத்துநான்கு வயது. துணிக்கடையொன்றில் வேலை செய்தவள். கடை முதலாளியின் மச்சான்தான் அவளுடைய பலாத்கார வழக்கில் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவன். சாட்சி சொல்ல வேண்டிய காலையில் அவளும் அவளுடைய வாப்பாவும் நீதிமன்ற வராந்தாவில் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் கோப்புகளோடு பக்கத்தில் நின்றதால், முதலாளி அண்ணன் முறை வைத்துப் பேசியது காதில் விழுந்தது.

"நானா, நடந்தது நடந்துட்டு. புள்ளைக்கு நல்ல இடமாப் பாத்து முடிச்சு வைக்கோணும்தானே. அதுக்கு வேண்டியத நாங்க பொறுப்பெடுக்கிறோம். இன்டைக்கு ஒன்டும் ஞாபகமில்லண்டு சொன்னாப் போதும்."

வாப்பாவுக்கு மரக்கறி வியாபாரம். அந்த வருஷம் லொறியை விற்றிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மகளைப் பார்க்காமல், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டேயிருந்தார். அவர் யோசிக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது, பரீனாவுக்குத் தெரியாமலிருக்குமா? அவள் முதலாளியை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. வாப்பாவின் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு மணி நேரம் சாட்சி சொன்னாள். வாப்பா பின்னாலேயே வந்து கடைசிவரை நின்றுகொண்டிருந்தார். எதிரிக்குத் தண்டனை கிடைத்தது. வராந்தாவில் அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது:

"அந்தக் காசு எனக்கில்ல வாப்பா, என்ட வாய்க்கு. வாய் மட்டும்தான் இப்ப முழுசா என்ட கையில ஈக்குது."

ஓம், கேட்டனான்

பணத்தை வேண்டாமென்று சொல்கிறவள்தான் நல்லவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சுகந்தி வந்து அதை மாற்றினாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேராதனையில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரன் மேல் வழக்கு. நட்டஈட்டுக்காக, செலவான ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டோடு ஒரு பட்டியல் எழுதி அரச சட்டத்தரணியிடம் கொடுத்திருந்தாள். எதிரியின் சட்டத்தரணி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஆக, இந்த வழக்கே காசுக்குத்தான், இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழாக்கும்போது என் முகம் சுட்டது. கேள்வி அவருடையது, ஆனால் அவள் காதுக்குப் போனது என் குரலில்.

சுகந்தி தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு, நான் மொழிபெயர்க்க வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"ஓம், காசு கேட்டனான். வேற அறை எடுத்ததுக்கு, வேலைக்குப் போகேலாமல் இருந்த நாளுக்கு, நித்திரைக் குளிசைக்கு. அதெல்லாம் என்ர காசு. மற்றதை நான் இன்னும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை, ஏனெண்டால் அதைத் தரக்கூடிய ஆள் இஞ்ச இல்லை."

எட்டுத் தவணை

ரேணுகா கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தாள். அவளுக்குக் கிடைத்த நட்டஈட்டை எட்டு மாதத் தவணையில் கட்ட எதிரிக்கு அனுமதி கிடைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதன் அர்த்தம் என்னவென்று முதல் மாதம்தான் எங்களுக்கு விளங்கியது. அவள் மாதாமாதம் அலுவலகத்துக்கு வந்து, "இன்னாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்" என்று அவன் பெயரைத் தன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

படிவம் சிங்களத்தில் இருந்ததால் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் மாதம் எழுதினாள். இரண்டாம் மாதம் பெயர் வரும் இடத்தில் கை நின்று நின்று போனது. மூன்றாம் மாதம் பேனாவை வைத்துவிட்டு, "முடியல அக்கா" என்றாள். கிளார்க், பாவம், நல்ல மனுஷன். விதியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. நான் எனக்கு அனுமதியில்லாத வேலையைச் செய்தேன்: யாரும் கேட்காமலே, சொந்த வாயால், அரச சட்டத்தரணியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நீதிபதிக்குத் தெரியப்படுத்தினார். மிச்சத் தவணைகள் நேரே அவளுடைய வங்கிக் கணக்குக்குப் போயின.

ஒரு வருஷம் கழித்து அவளை மார்க்கெட்டில் கண்டேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே, அந்தப் பணத்தை என்ன செய்தாளென்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"கரண்டு பில்லுக்கும் தண்ணி பில்லுக்கும் கட்டியே தீத்துட்டேன் அக்கா. சாமான் ஒன்னும் வாங்கல. வாங்குனா வீட்டுல கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்ல."

கேட்டதைத் திருப்பிச் சொல்ல அரசாங்கம் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறது. கேட்டதை மறப்பதற்குத்தான் இதுவரை யாரும் ஒரு சதமும் ஒதுக்கவில்லை.