மீன் படாத சட்டி

இன்று காலை யாழ்ப்பாணப் பட்டினத்துப் பாத்திரக் கடையொன்றில் என் கைப்பையிலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை எடுத்தேன். ஒரு முனையில் சிவப்பு நிறம் பூசிய, பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் காந்தம். அடுக்கியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, எல்லாம் திறமான சாமான்தான்" என்றார். "சாமானில குறை இல்லைத் தம்பி, என்ரை அடுப்புக்குச் சரிவருமோ எண்டுதான் பாக்கிறன்" என்றேன். நாளைக்குக் கணக்கு ரீச்சர் வருகிறார். அந்தச் சந்தோஷத்தில் யார் எப்படிப் பார்த்தால் எனக்கென்ன?

நெடுந்தீவில் நானும் அவரும் ஒரே விடுதியில் இருந்தோம். நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். கரம்பொன்னில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்; மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அவர் சரவணை ஊர்க்காரர், சுத்த சைவம். அவர் காஸ் அடுப்பில் சமைப்பார்; நான் குசினியின் மறு மூலையில், புதிதாக வாங்கிய கரண்ட் அடுப்பில் மீன் கொதிக்க வைப்பேன். நெருப்புத் தெரியாத அந்த அடுப்பை அவர் கடைசிவரை நம்பவில்லை.

கந்தசஷ்டிக்கு ஆறு வருடம் விரதம் இருப்பதாக, தாயாரின் சுகத்துக்காக அவர் நேர்ந்திருந்தார். நான் சொல்லும் வருடம் ஆறாவது. ஆறு நாளும் பாலும் தண்ணீரும்தான். ஏழாம் நாள் விடிய முழுகிவிட்டு வந்து, விரதம் முடிக்கும் பாறணைச் சோறு சமைக்க அடுப்பை மூட்டினார். காஸ் முடிந்துவிட்டது! கடல் கொந்தளித்து மூன்று நாளாகப் படகு இல்லை. விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. பாறணைச் சோற்றைத் தன் கையால், மீன் மச்சம் படாத சட்டியில் சமைத்துச் சாப்பிட்டால்தான் நேர்த்தி நிறைவேறும் என்பது அவர் பிடிவாதம். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ரை அடுப்பில வையுங்கோ ரீச்சர்" என்றேன். சற்று யோசித்தவர் ஓமென்று தலையாட்டிவிட்டு, அடுப்பில் பட்ட மீன் துடக்கை நீக்க ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைத் தூக்கினார். பிளக் சுவரில் கிடக்கிறது, சுவிட்சும் போட்டபடி! "ஊத்தாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் செம்பு கீழே விழுந்தது. பிளக்கைக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியை ஒட்டப் பிழிந்து, கண்ணாடித் தட்டை நானே துடைத்தேன். பிறகு காயத் துடைத்தேன். அடியில் காற்றுப் போகும் துவாரத்தை மறைத்துக்கொண்டு சுத்தத்துக்கென்று அவர் விரித்திருந்த பேப்பரையும் இழுத்தெறிந்தேன். "அடுப்புக்கும் மூச்சு விட வேணுமோ?" என்று அந்தப் பசியிலும் கேட்டார்.

அடுத்த வில்லங்கம் சட்டி. இந்த இண்டக்ஷன் அடுப்பு காந்தத்தால் சட்டியின் அடியைத்தான் சூடாக்கும். காந்தம் பிடிக்காத சட்டி அதற்குச் சட்டியே இல்லை. முந்தின நாள் வகுப்பில் காட்டிய காந்தம் என் பையில் இருந்தது. இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு குசினியைத் தலைகீழாக்கினோம். மண்சட்டியில் ஒட்டவில்லை. அலுமினியப் பானையில் ஒட்டவில்லை. பித்தளையிலும் இல்லை. அவருடைய சில்வர்ச் சட்டியில்கூடக் காந்தம் வழுக்கியது. இரும்புத் தாச்சியைக் காந்தம் இறுகப் பிடித்தது, ஆனால் அதன் அடி உருண்டை. வைத்தவுடன் அடுப்பு கீக் கீக்கென்று கத்திவிட்டு நின்றது. "நான் அமத்திப் பிடிச்சால் வேலை செய்யாதோ?" என்றார் ரீச்சர். கடைசியில் மிஞ்சியது என் மீன்சட்டி ஒன்றுதான். சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துவிட்டு, புதுச்சட்டி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவருடைய முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஏலவில்லை.

"சாமி மூலை பாக்கேல்லையே?" என்றார்.

"நான் மீன் தின்னுறனான் ரீச்சர். அங்கால வரக்கூடாதெண்டு ஆறு நாளும் விலகித்தான் நிண்டனான்."

"ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது? உள்ள வாரும்."

முருகன் படத்துக்கு முன்னால், செவ்வரத்தம்பூ நிறைந்த, நீலக்கரை போட்ட ஒரு வெள்ளை எனாமல் சட்டி இருந்தது. அடி தட்டை. பூவை அவர் படத்தடியில் கொட்டினார். நான் காந்தத்தை நீட்டினேன். டக்! இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகளைப் போலக் கத்தினோம். வெறுஞ்சட்டியாகக் காய்ந்தால் எனாமல் வெடித்துவிடும் என்று முதலில் தண்ணீரை விடச் சொன்னேன். பருப்பும் போட்டுச் சோறு பொங்கியதும் முதல் அகப்பையை என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் போட்டார். பருப்பும் சோறும் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு எங்கள் இருவருக்கும் இடமாற்றம் வந்தது. ஆய்வுகூடத்துக்குப் புதுக் காந்தம் ஒன்று வாங்கி வைத்துவிட்டு, பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நேர்த்தி முடிந்தும் அவர் விரதத்தை விடவில்லை. இந்த வருடம் பாறணைக்கு என் வீட்டுக்கு வருகிறாராம். "சமையல் என்ரை பொறுப்பு. நீர் பிளக்கை மட்டும் போடும்" என்று நேற்றுப் போனில் சொன்னார்.

கடையின் மேல்தட்டில் ஒரு வெள்ளை எனாமல் சட்டி இருந்தது. காந்தம் டக்கென்று பிடித்தது. "வீட்டில சட்டி இல்லையோ அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் மீன் கொதித்திருக்கிறது என்றேன். இதில் மட்டும் ஒருநாளும் கொதிக்காது. இது ரீச்சருடைய சட்டி.