நூறு வாட் பல்பும் எங்கள் லயனும்

சூடேறிய பலகையின் மணத்தோடு தேயிலைத் தூள் மணமும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்குத் தம்பியின் ஞாபகம் வந்துவிடும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த 'லயன்' வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். தேயிலை அனுப்புகிற மரப்பெட்டி ஒன்றில் அம்மாவின் பழைய சேலையை மடித்துப் போட்டு, அதில் எங்கள் தம்பியைக் கிடத்தி, மேலே ஒரு நூறு வாட் 'குண்டு பல்பை'த் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மணம் அங்கிருந்துதான் வந்தது.

தம்பி மாதம் நிறையாமல் பிறந்துவிட்டான். ஐப்பசி அடைமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்ததால் அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தோட்டத்து நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "பாலைப் பஞ்சுல நனைச்சு ஊட்டுங்க. ஆனா சூடுதான் முக்கியம். ரோடு திறக்குற மட்டுக்கும் சூட்டை விட்டுராதீக" என்று சொல்லிப் போனார். எங்கள் வீட்டில் அதன் பிறகு வேறு பேச்சே இல்லை.

பகலில் பல்பு பளிச்சென்று எரியும். பொழுது சாய்ந்தால் மஞ்சளித்துப் போகும். விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் எல்லா வீட்டிலும் கரண்டில் சூடாகிற 'காயில் அடுப்பை'ப் போட்டிருந்தார்கள், எங்கள் லயனோ கரண்ட் வருகிற கம்பியின் கடைசியில் இருந்தது. கரண்ட் மலையேறி வருவதற்குள் களைத்துவிடுகிறது என்று முன்பெல்லாம் கேலி பேசிச் சிரிப்போம். இப்போது பல்பின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுதாள்.

என் அக்கா செல்வி அம்பாசமுத்திரத்தில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லீவுக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டவள். ஃபாக்டரியில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னாள். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றறுபதுதான் இருந்தது. அக்கா சாக்கட்டியோடு சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். பல்பின் நூறு வாட்டை இருநூற்று முப்பதால் வகுத்து அது இழுக்கிற மின்னோட்டத்தைக் கண்டுபிடித்தாள்; வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுத்ததும் பல்பின் மின்தடை ஐந்நூற்று இருபத்தொன்பது ஓம் என்று வந்தது. தடை மாறாது என்று வைத்துக்கொண்டு நூற்றறுபதை அதனால் வகுத்து, கிடைத்த மின்னோட்டத்தை மறுபடியும் நூற்றறுபதால் பெருக்கினாள். வெறும் நாற்பத்தெட்டு வாட்.

"வோல்ட்டு மூணுல ஒரு பங்குகூட குறையலம்மா. ஆனா சூடு பாதிக்கு மேல போயிட்டு" என்றாள். அம்மா பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தாள்.

அக்கா மழையில் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போனாள், நான் பின்னால் போனேன். கம்பிக்கும் தடை உண்டு, எல்லோருமாக இழுக்க இழுக்க வோல்ட் வழியிலேயே குறைந்துவிடுகிறது என்று அவள் விளக்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை பாதியில் நிறுத்திவிட்டார். "கணக்கெல்லாம் எனக்கு எதுக்குட்டி? பிள்ளைக்குச் சூடு வேணும், நாங்க அணைக்கணும், அம்புட்டுதான? அணைச்சிருதோம்."

அன்று சாயங்காலத்திலிருந்து லயன் முழுக்க இருட்டு. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கச் சமைத்தார்கள். பிள்ளைகள் சிம்னி விளக்கில் சாப்பிட்டார்கள். எங்கள் ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரிந்தது. அத்தை வாசல்வரை வந்து, "வெளிச்சம் நல்லா இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்க எல்லோருக்குமே பயம்.

ஒருவழியாக ரோடு திறந்தது. முதல் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் தம்பியை அந்தச் சேலையில் பொதிந்து, வெந்நீர் பாட்டிலை அணைவாக வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு இறங்கினார்கள். அவன் உயிரோடுதான் போனான். அக்கா பல்பை அணைத்தாள். இனி யார் வேண்டுமானாலும் விளக்கைப் போடலாம். ஆனால் அன்று பொழுதடைந்தும் ஒரு வீட்டிலும் போடவில்லை.

"லைட்டப் போடுங்க அத்தை, இங்கதான் பல்பே எரியலயே" என்றாள் அக்கா.

"சும்மா கிட. சேதி வரட்டும்" என்றார் அத்தை.

பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்க, மலைமேல் நாங்கள் இருட்டில் உட்கார்ந்தால் அவனுக்கு என்ன கூடிவிடும்? எந்தச் சூத்திரத்திலும் அது வராது. ஆனாலும் முதல் ஸ்விட்சைப் போடுகிற கை தன்னுடையதாக இருந்துவிடக் கூடாதென்று அந்த ஜனங்கள் பயந்தார்கள்.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினார்கள். தாமிரபரணிக் கரையிலேயே தம்பியைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அம்மாவின் கையில் மடித்த சேலை மட்டும் இருந்தது. வாசல்தோறும் ஆட்கள் நிற்க, இருண்டு கிடந்த லயனை அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"லைட்டப் போடுங்க. இனி யாருக்காக இருட்டுல இருக்கீக?"

அப்போதும் யாரும் அசையவில்லை. அம்மாவே எஸ்தர் அத்தை வீட்டுக்குள் போய் ஸ்விட்சைப் போட்டாள். பிறகுதான் மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாக மஞ்சளாக எரிந்தது.

நான் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அம்மா இல்லை. தோட்டத்தை மூடியதும் மாஞ்சோலையிலிருந்து சனங்கள் இறங்கிவிட்டார்கள். எங்கள் லயனில் அணைக்கவும் போடவும் ஆள் கிடையாது. குண்டு பல்பும் கடைகளில் அருகிவிட்டது. இப்போதைய பல்பின் கீழே ஒரு கோழிக்குஞ்சுகூடக் குளிர்காய முடியாது. போன வாரம் வகுப்பில் அதே கணக்கைக் கொடுத்தேன். "எந்த ஊர்ல டீச்சர் நூத்தறுபது வோல்ட்டு வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஒரு ஊர் இருந்தது என்றேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். பல்பின் இழை சூடு குறைந்தால் அதன் தடையும் குறையும், அதனால் நீ கணக்குப் போட்டதைவிட ஏழெட்டு வாட் கூடத்தான் அந்தப் பல்பு கொடுத்திருக்கும் என்று இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அக்கா பைய ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, நான் நினைச்ச அளவுக்கு அவன் குளிர்ல கிடக்கலயோ?"