நெவில் சுமந்த பெட்டிகள்

எங்கள் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் நெவில் மெட்காஃபைக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பார்கள். என்னோடு பள்ளியில் படித்தவன். வாரமெல்லாம் சீஸ் ஆலையில் நிற்பான். ஞாயிறு விடிந்தால் தனியாக மலையில் இருப்பான். தேவாலயமோ, மதிய விருந்தோ, பெண்டாட்டியின் கெஞ்சலோ அவனைக் கட்டிப்போட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீட்ஸில் தன் தங்கை வீட்டுக்குப் போன அவள் திரும்பி வரவேயில்லை. அன்றும் இவன் மலையிலிருந்து இறங்கி வந்து, காலி வீட்டில் டீ போட்டுக் குடித்தான். மலை இருந்தவரை அவனுக்கு எதுவும் போய்விடவில்லை.

ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது இவன் வேலையும் போயிற்று. நேராக என் விடுதிக்கு வந்தான்.

"டோரீன், டவுன்காரங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். அவங்க உன் விடுதியில தங்கட்டும். இனி எனக்கு வாரம் பூரா ஞாயிறுதான்!"

ஆட்கள் வந்தார்கள். இவனோ தனக்குத் தெரிந்த மாதிரியே நடந்தான். பேச்சு கிடையாது, நிற்பது கிடையாது. கொட்டும் மழையில் கல்சுவர் ஓரமாக நின்றபடி ரொட்டியைத் தின்றுவிட்டு மறுபடி நடை. மாலையில், "எப்படி இருந்துச்சு?" என்பான். நனைந்த கோழிகளாய் நின்றவர்கள், "ரொம்ப அருமைங்க!" என்பார்கள்.

மறுநாள் காலை முட்டையும் பன்றி இறைச்சியும் வைக்கும்போது என்னிடம் கொட்டுவார்கள்.

"ஏம்மா, அவரு மனுஷனா மலை ஆடா? வழியில ஒரு டீ உண்டா, ஒரு பேச்சு உண்டா?"

"அதை அவன்கிட்டயே சொல்றதுதானே?"

"ஐயையோ, பாவம், மனசு நோகுமே!"

எங்கள் இங்கிலாந்து ஆட்களின் லட்சணம் இது. முடி வெட்டுகிறவன் காதை நறுக்கினாலும் நன்றி சொல்லி, இனாமும் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள்.

"யாருக்கும் பிடிக்கலடா நெவில். நின்னு பேசு, டீக்கடையில உட்கார வை" என்றேன்.

"போ டோரீன். அருமைன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களே!"

அவனும் அந்த ஆட்களில் ஒருவன்தான். நான் கருக்கிய புட்டிங்கை பிரமாதம் என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் நாய்க்குத் தள்ளுகிறவன். தன்னை யாரோ பாராட்டினால் மட்டும் நம்பிவிட்டான்.

மறு வருஷம் ஒருவரும் திரும்பி வரவில்லை. வேறு வழியில்லாமல் ஏற்பாட்டை மாற்றினான். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவான், அவர்களே நடந்துகொள்வார்கள். அவர்களுடைய பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு இவன் வேனில் கொண்டு சேர்ப்பான். தொழில் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவன் இல்லாத நடைதான் விலைபோனது.

இரண்டு கோடைகள் அவன் வேனை விட்டு இறங்கவில்லை. இந்த மே மாதம் ஒரு கூட்டம் வராமல் போக, நல்ல வெயில் நாள் ஒன்று சும்மா கிடைத்தது. "போடா, மேல போயிட்டு வா" என்று பிடித்துத் தள்ளினேன். நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வந்து நின்றான்.

"என்னடா, அதுக்குள்ளயா?"

"சுவர் தாண்டுற படி ஒண்ணு ஆடுது, டோரீன். கதவுகிட்ட ஒரே சேறு. வழிகாட்டிப் பலகை சாஞ்சு கிடக்கு. யாரு விழுவாங்க, யாரு அடுத்த வருஷம் வராம போவாங்கன்னு பார்த்துக்கிட்டே ஏறினேன். மலையைப் பார்க்கவே இல்லை."

"ரொம்ப நாள் ஆச்சுல்ல. நாளைக்குப் போ, சரியாயிடும்."

"உங்கிட்ட சொல்லலை. விடியக்காலையில எத்தனையோ தடவை போய்ப் பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் இதேதான்."

"அப்ப இந்த எழவுத் தொழிலை விட்டுத் தொலையேன்!"

"விட்டா அந்தப் பழைய மலை திரும்ப வந்துடுமா?"

அந்த மனிதனிடம் இருந்தது அது ஒன்றுதான். அவன் மேலா, அருமை என்று சொல்லிவிட்டுப் போன அந்த நல்லவர்கள் மேலா, யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

மறுநாள் காலை என் வாசலில் நடக்கப் போனவர்களின் நாலு பெட்டிகள் இருந்தன. நெவில் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.